கி, கெ, டோன்: பெங்களூரில் பிரெஞ்சு படிக்கும் தமிழர்களுக்குப் பிரதிப்பெயர் வழிகாட்டி

பெங்களூரில் பிரெஞ்சு வகுப்பில் சேரும் நம்மவர்கள் பெரும்பாலும் ஏ1 என்ற தொடக்க நிலையைச் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுகிறார்கள். பெயர் சொல்லி, ஊர் சொல்லி, காபி கேட்டு முடித்ததும் அடுத்த ஏ2 நிலையில் பிரதிப்பெயர்கள் (அவன், அது போலப் பெயருக்குப் பதிலாக நிற்பவை) வரிசை கட்டி நிற்கின்றன: லெ, லா, லே, லுயி, லெர், இ, ஆன். அவற்றை விழுங்கி முடிப்பதற்குள் வாக்கியங்களை இணைக்கும் கி, கெ, ஊ, டோன். அந்த இடத்தில்தான் வகுப்பு பாதியாகக் குறைகிறது. நானும் அங்கே நெடுநாள் மல்லாடியவன்தான். அந்த அவதி உங்களுக்கு வேண்டாம் என்று எழுதுகிறேன்.

சிக்கல் பிரெஞ்சில் பாதி, போகும் வழியில் பாதி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது; பாடப்புத்தகமும் ஆங்கில விளக்கத்தோடு வருகிறது. ஆங்கிலத்தில் வேற்றுமை உருபு ஏறக்குறையக் கிடையாது. நம்மிடம் ஐ, கு, இடம், உடைய, இல் என்று எல்லாம் தயாராக இருக்கும்போது ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு பிரெஞ்சுக்குப் போவது, அல்சூரிலிருந்து சிவாஜிநகர் போக ஒயிட்ஃபீல்டு பஸ்ஸில் ஏறுவது போன்றது. தமிழிலிருந்து நேராகப் போங்கள். ஆனால் தமிழ் சில வினைகளில் தவறான திசையையும் காட்டும். அந்த வினைகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும்.

பிரெஞ்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். குறில் எகரம் (லெ, மெ, கெ) என்றால் உதடு குவிந்த மங்கலான ஒலி. நெடில் ஏகாரம் (லே, மே) என்றால் தெளிவான ஒலி. ‘ட’ வரும் இடத்தில் பிரெஞ்சின் d எழுத்தையும், ‘த’ வரும் இடத்தில் அதன் t எழுத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் ஈற்றில் ‘ன்’ வந்தால் பெரும்பாலும் மூக்கொலி. சரியான எழுத்துக்கூட்டலைப் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

தடித்த நோட்டு ஒன்று. வினைச்சொல்லோடு முன்னிடைச்சொல்லையும் (‘ஆ’, ‘டெ’ போலப் பெயருக்கு முன்னால் வரும் சொல்) காட்டும் அகராதி ஒன்று; இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதே போதும். பயிற்சிகளோடு கூடிய இலக்கணப் புத்தகம் ஒன்று. புதிதாக வாங்குவதற்கு முன் சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்குங்கள். அவென்யூ சாலையிலும் தேடலாம். மற்றவர் பென்சிலால் விடை எழுதிய புத்தகம் கிடைத்தால் பேரம் பேசி வாங்கிவிடுங்கள். அழிப்பான் விலை குறைவு.

காதுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. டிவி5மோந்த் தளத்தில் நிலைவாரியாகப் பயிற்சிகள் இலவசம். ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியறிக்கை 10 நிமிடம் ஓடும், அதுவும் இலவசம். ‘பிரதிப்பெயர்களுக்கு மட்டும் தனி வகுப்பு’ என்று யாராவது கட்டணம் கேட்டால் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள்.

2. வினைப் பேரேடு: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

எந்தப் பிரதிப்பெயர் வரும் என்பதைப் பிரெஞ்சில் தீர்மானிப்பது வினைச்சொல். அந்த வினை தன் செயப்படுபொருளை நேரடியாக ஏற்கிறதா, ‘ஆ’ போட்டு ஏற்கிறதா, ‘டெ’ போட்டு ஏற்கிறதா? இந்த மூன்று கேள்விகளுக்குள் மொத்த விஷயமும் அடங்கிவிடுகிறது. நேரடி என்றால் லெ, லா, லே. ஆளுக்கு முன் ‘ஆ’ வந்தால் லுயி, லெர். ‘டெ’ என்றால் ஆன். இணைப்பு வாக்கியத்தில் டோன்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: நேர், ஆ, டெ. புதிய வினை எதைப் படித்தாலும் அதன் பத்தியில் எழுதுங்கள். பொருளை மட்டும் எழுதி முன்னிடைச்சொல்லை விட்டுவிட்டால் அந்த வினையைப் பாதிதான் படித்திருக்கிறீர்கள்.

இப்போது தமிழைக் கொண்டுவாருங்கள். பெரும்பாலான வினைகளில் நம் ‘ஐ’ உருபு நேர் பத்தியில் போய் விழும். ‘அவரைப் பார்க்கிறேன்’ என்றால் ‘ஜெ லெ வுவா’. ‘அவளைத் தேடுகிறேன்’ என்றால் ‘ஜெ லா ஷெர்ஷ்’. ‘கு’ உருபும் ‘இடம்’ உருபும் ‘ஆ’ பத்தியில் விழும். ‘அவருக்குப் பதில் சொல்கிறேன்’ என்பது ‘ஜெ லுயி ரேபோன்’. ‘அவரிடம் கேட்கிறேன்’ என்பது ‘ஜெ லுயி டெமான்ட்’. அவனுக்கு, அவளுக்கு, அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே லுயி. அவர்களுக்கு என்றால் லெர். ஆண் பெண் பார்க்க வேண்டிய வேலை இங்கே மிச்சம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அஃறிணையில் நாம் ‘ஐ’யை விழுங்கிவிடுவோம். ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதில் உருபு தெரியவில்லை என்றாலும் அது நேர் செயப்படுபொருள்தான்.

தமிழை நம்பினால் கவிழ்த்துவிடும் வினைகள் இரண்டு கூட்டம்.

தமிழில் ‘கு’, பிரெஞ்சில் நேர்: ஏடே (உதவு), ஆதான்ட்ர் (காத்திரு), ரெமெர்சியே (நன்றி சொல்), ஃபேலிசிதே (வாழ்த்துச் சொல்). ‘அவருக்கு உதவுகிறேன்’ என்று தமிழில் நினைத்து ‘லுயி’ போட்டால் தவறு. ‘ஜெ லேட்’ என்பதே சரி. ‘அவருக்காகக் காத்திருக்கிறேன்’ என்பது ‘ஜெ லாதான்’. ‘அவளுக்கு நன்றி சொல்கிறேன்’ என்பது ‘ஜெ லா ரெமெர்சி’.

தமிழில் ‘ஐ’, பிரெஞ்சில் ‘ஆ’: பார்டொனே (மன்னி), ரெசான்ப்லே (ஒத்திரு), பெர்மெத்ர் (அனுமதி). ‘அவனை மன்னிக்கிறேன்’ என்பது ‘ஜெ லுயி பார்டொன்’. அப்பாவை உரித்துவைத்திருக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போதும் ‘இல் லுயி ரெசான்ப்ல்’ என்றுதான் வரும்.

போன் செய்வதற்கு இரண்டு வினைகள் உண்டு. அவை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். தேலேஃபொனே என்றால் லுயி. ஆப்லே என்றால் லெ அல்லது லா. இரண்டையும் ஒரே பக்கத்தில் எதிரெதிராக எழுதிவையுங்கள்.

இன்னொரு பக்கம், தமிழர்களுக்கு இனாமாகக் கிடைத்த வினைகளும் உண்டு. ஆங்கிலம் வழியாக வருபவர்கள் தலைகீழாக நின்று படிக்கும் வாக்கியங்கள் நமக்கு வீட்டுப் பேச்சு. ‘எனக்கு ஒரு காபி வேண்டும்’ என்பது ‘இல் மெ ஃபோ அன் காஃபே’. ‘எனக்குப் பத்து ரூபாய் குறைகிறது’ என்பது ‘இல் மெ மான்க் டி ரூபி’. ‘இந்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பது ‘செத் வில் மெ ப்லே’. மூன்றிலும் ‘எனக்கு’ இருக்கும் இடத்தில் ‘மெ’ இருக்கிறது. கன்னடம் பேசும் வகுப்புத் தோழர் இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள். அவருடைய ‘நனகெ’யும் அதே வேலையைத்தான் செய்கிறது.

3. தமிழில் விழுங்கலாம், பிரெஞ்சில் விழுங்கக் கூடாது

‘சாவியை எடுத்தாயா?’ ‘எடுத்தேன்.’ தமிழில் இதுவே முழுப் பதில். பிரெஞ்சில் ‘எடுத்தேன்’ என்று நிறுத்தினால் கேட்பவர் ‘எதை?’ என்பதுபோல் பார்ப்பார். ‘உய், ஜெ லே ப்ரீஸ்’ என்று சாவிக்கான பிரதிப்பெயரும் சேர வேண்டும். வாய்த்தேர்வில் நம்மவர்கள் மதிப்பெண் இழக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தவறான பிரதிப்பெயரைச் சொல்லி இழப்பதைவிட, ஒன்றுமே சொல்லாமல் இழப்பது அதிகம்.

இதற்கு மருந்து எளிது. இருவராக உட்கார்ந்து ‘ஆம்’, ‘இல்லை’ என்று விடை வரும் கேள்விகளாகவே கேளுங்கள். பஸ்ஸைப் பார்த்தாயா, பாலை வாங்கினாயா, அம்மாவுக்குப் போன் செய்தாயா. ஒவ்வொரு பதிலிலும் பிரதிப்பெயர் கட்டாயம். ‘கொனேத்ர்’ (அறி), ‘வுவார்’ (பார்), ‘ப்ரான்ட்ர்’ (எடு), ‘அஷ்தே’ (வாங்கு) ஆகிய நான்கு வினைகளோடு தொடங்கினால் போதும்.

‘எனக்கு அது தெரியும்’ என்பதற்கும் ‘ஜெ லெ ஸே’ என்று ஒரு ‘லெ’ உண்டு. முழு விஷயத்தையும் சுட்டும் ‘லெ’ அது. அதையும் விட்டுவிடாதீர்கள்.

4. எங்கே வைப்பது, எந்த வரிசையில்

தமிழில் செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வரும். பிரெஞ்சுப் பிரதிப்பெயரும் அப்படியே. ‘நான் அவரைப் பார்க்கிறேன்’, ‘ஜெ லெ வுவா’: சொல்லுக்குச் சொல் ஒரே வரிசை. எதிர்மறையில் ‘நெ’ முன்னால் வந்து ‘ஜெ நெ லெ வுவா பா’ ஆகும். இறந்தகாலத்தில் துணைவினைக்கு முன்னால்: ‘ஜெ லே வியு’.

பொறி இரண்டு. முதலாவது, இரண்டு வினை வரும்போது. ‘அவரைப் பார்க்க விரும்புகிறேன்’ என்பதில் பார்ப்பதுதான் அவரை. எனவே ‘ஜெ வெ லெ வுவார்’ என்று இரண்டாவது வினைக்கு முன்னால் வைக்க வேண்டும். முதல் வினைக்கு முன் வைப்பது பழைய நடை, தேர்வில் வேண்டாம். இரண்டாவது, ஏவல் வாக்கியம். ‘அதைப் பாருங்கள்’ என்றால் பிரதிப்பெயர் பின்னால் போய்விடும்: ‘ரெகார்டே-லெ’. ‘பார்க்காதீர்கள்’ என்றால் மீண்டும் முன்னால்: ‘நெ லெ ரெகார்டே பா’.

இரண்டு பிரதிப்பெயர் சேர்ந்து வந்தால் வரிசை இது: முதலில் மெ, தெ, செ, நூ, வூ, அடுத்து லெ, லா, லே, அடுத்து லுயி, லெர், பிறகு இ, கடைசியில் ஆன். ‘அவர் அதை எனக்குக் கொடுக்கிறார்’ என்பது ‘இல் மெ லெ டொன்’. ‘நான் அதை அவருக்குக் கொடுக்கிறேன்’ என்பது ‘ஜெ லெ லுயி டொன்’. நானும் நீயும் முன்னால் நிற்போம்; அவர் பின்னால் நிற்பார். இப்படி நினைவில் வைத்தால் மறக்காது. ஏவலில் மட்டும் எல்லாம் பின்னால் போய், பொருள் முதலிலும் ஆள் அடுத்தும் வரும்: ‘டொன்-லெ-முவா’.

இந்த வரிசையில் மெ, தெ கூட்டமும் லுயி, லெர் கூட்டமும் சேரவே சேரா. ‘உங்களை அவருக்கு அறிமுகப்படுத்துகிறேன்’ என்று சொல்ல ‘வூ லுயி’ என்று அடுக்கினால் பிரெஞ்சு ஏற்காது. ‘ஜெ வூ ப்ரேஸான்த் ஆ லுயி’ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஏ2 தேர்வுக்குப் படிப்பவர்கள் இரட்டைப் பிரதிப்பெயர்களில் அதிகம் மெனக்கெட வேண்டாம். கேட்டால் புரிந்தால் போதும்; தாமாகச் சொல்வதை அடுத்த பி1 நிலையில் பார்த்துக்கொள்ளலாம்.

5. இ, ஆன்: சின்னவை, விடாதவை

இடத்துக்கு ‘இ’: ‘அங்கே போகிறேன்’ என்பது ‘ஜி வே’. ‘ஆ’ ஏற்கும் வினையின் செயப்படுபொருள் அஃறிணையாக இருந்தாலும் ‘இ’: ‘அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்பது ‘ஜி பான்ஸ்’. ஆனால் ஆளை நினைக்கும்போது பான்சே வினை லுயியை முன்னால் வாங்காது; ‘ஜெ பான்ஸ் ஆ லுயி’ என்று பின்னால்தான். அவளை நினைத்தால் ‘ஆ எல்’. இந்த வினையை ‘ஆ’ பத்தியில் எழுதும்போது பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள்.

‘ஆன்’ அளவுக்கு உரியது. ரசல் மார்க்கெட்டில் மாம்பழம் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு கிலோ கொடுங்கள்’ என்று தமிழில் முடித்துவிடுவோம். பிரெஞ்சில் ‘அதில்’ என்பது ஒட்டிக்கொண்டே வரும்: ‘டொனே-மான் அன் கிலோ’. அக்கா தங்கை எத்தனை பேர் என்று கேட்டால் ‘ஜான் நே டெ’. ‘இரண்டு’ என்று எண்ணை மட்டும் வினையோடு சேர்த்துச் சொல்லி ‘ஆன்’ போடாமல் விட்டால் வாக்கியம் ஊனமாகிவிடும். ஆட்களுக்கு ‘ஆன்’ போடலாமா என்று தயங்க வேண்டாம். எண் வந்தால் போடலாம்.

லெயா ஆனா என்று குழம்பினால் கேள்வியைப் பாருங்கள். குறிப்பிட்ட ஒன்றைக் கேட்டிருந்தால் லெ. காபி குடித்தாயா என்று ‘டியு காஃபே’ போட்டு அளவில்லாமல் கேட்டிருந்தால் ‘ஜான் நே பியு’ (குடித்தேன்).

6. கி, கெ: பெயரெச்சத்தை உடையுங்கள்

பெரிய தடை இங்கேதான். தமிழில் ‘நான் பார்த்த பையன்’, ‘என்னைப் பார்த்த பையன்’ என்று பெயரெச்சத்தில் முடித்துவிடுகிறோம். இடையில் இணைப்புச் சொல்லே கிடையாது. பையன் பார்த்தவனா, பார்க்கப்பட்டவனா என்பதைக் கேட்பவர் ஊகித்துக்கொள்வார். பிரெஞ்சில் ஊகத்துக்கு விட முடியாது; ஒவ்வொரு முறையும் அந்த உறவைச் சொல்லியாக வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் முறை இது. பெயரெச்சத் தொடரை முழு வாக்கியமாகப் பிரியுங்கள். பெயரைத் திரும்ப உள்ளே வையுங்கள். அதன் வாலில் என்ன உருபு ஒட்டுகிறது என்று பாருங்கள்.

‘சிவாஜிநகர் போகும் பஸ்’ என்பதைப் பிரித்தால் ‘பஸ் சிவாஜிநகர் போகிறது’. உருபு இல்லை, எழுவாய். எனவே கி: ‘லெ பியுஸ் கி வா ஆ சிவாஜிநகர்’.

‘நான் பிடிக்கும் பஸ்’ என்பதைப் பிரித்தால் ‘நான் பஸ்ஸைப் பிடிக்கிறேன்’. ஐ ஒட்டியது. எனவே கெ: ‘லெ பியுஸ் கெ ஜெ ப்ரான்’.

‘எனக்குத் தெரிந்த அம்மா’ என்பதைப் பிரித்தால் ‘அந்த அம்மாவை எனக்குத் தெரியும்’. ஐ. எனவே கெ: ‘லா டாம் கெ ஜெ கொனே’.

பஸ்ஸுக்குக் கியும் வந்தது, கெயும் வந்தது. அம்மாவுக்குக் கெ வந்தது. உயர்திணைக்குக் கி, அஃறிணைக்குக் கெ என்று ஆங்கிலப் பழக்கத்தில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். திணைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உயிரெழுத்துக்கு முன் கெ தன் உயிரை இழந்து அடுத்த சொல்லோடு ஒட்டும். கி ஒருபோதும் தேயாது.

காதுக்கு ஒரு பொறி. ‘அவனை நேசிக்கும் பெண்’, ‘அவன் நேசிக்கும் பெண்’ இரண்டுமே பிரெஞ்சில் ‘லா ஃபிய் கி லேம்’ என்றுதான் ஒலிக்கும். முதலாவதில் கி தனி, லேம் தனி. இரண்டாவதில் கெயும் ‘இல்’லும் ஒட்டிக் ‘கில்’ ஆகி, அடுத்து ‘ஏம்’. காதல் கதையில் இது சிறிய வேறுபாடு இல்லை. சொல்லெழுதும் பயிற்சியில் இப்படி வந்தால் முன்பின் வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும்.

வாசிப்புக்கு ஒரு பொறி. கிக்குப் பின் வினை, கெக்குப் பின் எழுவாய் என்ற குறுக்குவழியை வகுப்பில் சொல்லித்தருவார்கள். எழுதும்போது அதையே பின்பற்றுங்கள். ஆனால் செய்தித்தாளில் ‘லெ லீவ்ர் கெ லி மோன் ஃப்ரேர்’ என்று கெக்குப் பின் வினை வந்து, எழுவாய் கடைசியில் நிற்கும். புத்தகம் அண்ணனைப் படிக்கவில்லை; அண்ணன்தான் புத்தகத்தைப் படிக்கிறார். கெ என்று கண்டால் முன்னால் உள்ள பெயர் செயப்படுபொருள் என்பது மாறாது.

‘நான் சொல்வது’, ‘நடந்தது’ போன்றவற்றுக்கு முன்னால் பெயரே இல்லை. அங்கே ‘செ’ என்ற சொல்லை நட்டு, அதன்மேல் கியோ கெயோ கட்டுகிறார்கள்: ‘செ கெ ஜெ டி’, ‘செ கி செ பாசே’.

7. டோன்: இங்கே தமிழை அரைக் கண்ணோடு நம்புங்கள்

அதே முறைதான். ‘நான் பேசும் பெண்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘பெண்ணோடு பேசுகிறேன்’, ‘பெண்ணிடம் பேசுகிறேன்’, ‘பெண்ணைப் பற்றிப் பேசுகிறேன்’: மூன்றையும் தமிழ்ப் பெயரெச்சம் ஒரே தொடருக்குள் மறைத்துவிடுகிறது. பிரெஞ்சில் மூன்றும் மூன்று: ‘ஆவெக் கி’, ‘ஆ கி’, ‘டோன்’. பற்றி என்று வந்தால் டோன்: ‘லா ஃபாம் டோன் ஜெ பார்ல்’.

‘உடைய’ என்று வந்தாலும் டோன். ‘அம்மா டாக்டராக இருக்கும் பையன்’ என்பதைப் பிரித்தால் ‘பையனுடைய அம்மா டாக்டர்’. எனவே ‘லெ கார்சோன் டோன் லா மேர் எ மேட்சேன்’. இங்கே ‘லா மேர்’ என்றுதான் வரும். ‘அவனுடைய அம்மா’ என்று ‘சா மேர்’ போட்டால் உடைமை இரண்டு முறை வந்துவிடும். திருத்துபவர் கண்ணில் முதலில் படும் தவறு இது.

தமிழ் உதவாத வினைகளுக்கு இப்போது பேரேட்டின் ‘டெ’ பத்தியைத் திறங்கள். ‘எனக்குத் தேவையான புத்தகம்’ என்பதைப் பிரித்தால் ‘புத்தகம் எனக்குத் தேவை’ என்று உருபே இல்லாமல் வரும். கி போடத் தோன்றும். பிரெஞ்சில் அது ‘அவுவார் பெஸ்வேன் டெ’. எனவே ‘லெ லீவ்ர் டோன் ஜே பெஸ்வேன்’. ஆசைக்கு ‘அவுவார் ஆன்வி டெ’, பயத்துக்கு ‘அவுவார் பெர் டெ’, நினைவுகூர்வதற்கு ‘செ சூவ்னீர் டெ’, கவனித்துக்கொள்வதற்கு ‘சொக்யுபே டெ’, பயன்படுத்துவதற்கு ‘செ செர்வீர் டெ’. தேவை, ஆசை, பயம், நினைவு, கவனிப்பு, பயன். இந்த ஆறும் பி1 தேர்வு வரை உங்களைக் கொண்டுசேர்க்கும்.

டோன் வேலை செய்யாத இடம் ஒன்று உண்டு. ‘பக்கத்தில்’, ‘எதிரில்’ போன்ற நீண்ட முன்னிடைத் தொடர்களின் ஈற்றில் ‘டெ’ இருந்தாலும் டோன் வராது. ‘எதன் பக்கத்தில் நான் வசிக்கிறேனோ அந்தக் கோயில்’ என்பதற்கு ‘ஆ கோதே டியுக்கெல்’ என்றுதான் போக வேண்டும்.

8. ஊ, லெக்கெல்

‘இல்’ உருபு இடத்தைக் காட்டினால் ஊ: ‘நான் வசிக்கும் பகுதி’ என்பது ‘லெ கார்தியே ஊ ஜாபித்’. காலத்துக்கும் ஊ: ‘நான் வந்த நாள்’ என்று சொல்ல ‘லெ ஜூர் ஊ’. ‘எப்போது’ என்ற கேள்விச் சொல்லை இங்கே கொண்டுவராதீர்கள்.

‘நான் எழுதும் பேனா’ என்பதைப் பிரித்தால் ‘பேனாவால் எழுதுகிறேன்’. ஆல், உடன், மேல் போன்ற மற்ற எல்லாவற்றுக்கும் முன்னிடைச்சொல்லோடு லெக்கெல்: ‘லெ ஸ்தீலோ ஆவெக் லெக்கெல் ஜேக்ரி’. பெண்பாலுக்கு லாக்கெல், பன்மைக்கு லேக்கெல். ‘ஆ’ சேர்ந்தால் ஓக்கெல், ‘டெ’ சேர்ந்தால் டியுக்கெல். லாக்கெல் மட்டும் எதனோடும் கலக்காது. ஆளுக்கு முன்னிடைச்சொல்லோடு கி போதும். பி2 வரை இதை அவசரப்பட்டுப் படிக்க வேண்டாம்.

9. முன்னால் வந்தால் ஒத்துப்போ

‘அவுவார்’ துணைவினையோடு இறந்தகாலத்தில் நேர் செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்தால், வினையெச்சம் (ப்ரி, ஏக்ரி போலத் துணைவினையோடு வரும் வடிவம்) அதன் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். லெ, லா, லே, கெ எல்லாமே முன்னால் வருபவை. எனவே இவை வந்தாலே ஒருமுறை சரிபாருங்கள். பெரும்பாலான மாற்றங்கள் காதில் விழா. காதில் விழும் சிலவற்றை மட்டும் வாயில் ஏற்றுங்கள்: ப்ரி–ப்ரீஸ், மி–மீஸ், ஏக்ரி–ஏக்ரீத், ஃபே–ஃபேத், ஊவேர்–ஊவேர்த். ‘நான் எழுதிய கடிதங்கள்’ என்பது ‘லே லெத்ர் கெ ஜே ஏக்ரீத்’. லுயி, லெர் முன்னால் வந்தால் எதுவும் மாறாது. ‘லெர்’ பிரதிப்பெயராக வரும்போது அதன் ஈற்றில் எஸ் எழுதவே கூடாது. உடைமைப் பொருளில் வரும்போது மட்டும் பன்மைக்கு எஸ் உண்டு.

10. எத்தனை நாள், எந்த வரிசை

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு நாள்தோறும் அரை மணி நேரம் என்று ஆறு வாரம் போதும். முதல் வாரம் முழுக்கப் பேரேடு. இரண்டாம் வாரம் லெ, லா, லே, லுயி, லெர். கேள்வி பதிலாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்றாம் வாரம் இ, ஆன். நான்காம், ஐந்தாம் வாரங்களைக் கி, கெ, டோனுக்குக் கொடுங்கள். தமிழ்ச் செய்தித்தாளில் கண்ணில் படும் பெயரெச்சங்களைப் பிரித்துப் பார்த்தாலே பயிற்சி ஆகிவிடும். ஆறாம் வாரம் வரிசையும் ஒத்துப்போதலும். மெட்ரோவில் போகும் நேரத்தைக் காதுக்கு ஒதுக்குங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு நோட்டில் எழுதும் முயற்சி வேண்டாம். வெளிவட்டச் சாலை உங்கள் எழுத்தை உங்களாலேயே படிக்க முடியாமல் செய்துவிடும்.

11. தேர்வு: பணம், காகிதம், பெயர்

பணம் கட்டுவதற்கு முன் எந்தத் தேர்வு என்று முடிவு செய்யுங்கள். பிரான்சில் படிக்கப் போகிறவர்களுக்கு டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித்திறன் தேர்வு. பிரெஞ்சு வழிப் பட்டப்படிப்புகள் பலவற்றுக்கு பி2 கேட்பார்கள். அதன் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகக் குடியேற நினைப்பவர்களுக்கு டெல்ஃப் பயன்படாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா எழுத வேண்டும்; அவை இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் செல்லும். பிரெஞ்சுப் பிரிவில் அழைப்பு பெற நான்கு திறன்களிலும் என்சிஎல்சி என்ற கனடாவின் பிரெஞ்சுத் திறன் அளவுகோலில் 7 தேவை. இந்த வேறுபாடு தெரியாமல் தவறான தேர்வுக்குக் கட்டணம் கட்டுபவர்கள் ஐடி அலுவலகங்களில் நிறைய இருக்கிறார்கள்.

பெங்களூரில் டெல்ஃப் மையம் வசந்த் நகர், திம்மையா சாலையிலுள்ள அலியான்ஸ் ஃபிரான்சேஸ். கன்டோன்மென்ட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கட்டணம் நிலைக்கு நிலை கூடும். அந்த ஆண்டின் தொகையையும் பதிவின் கடைசித் தேதியையும் மையத்தில் கேட்டுக்கொண்டு திட்டமிடுங்கள். தேறாவிட்டால் அந்த நிலையின் எல்லாப் பகுதிகளையும் முழுக் கட்டணத்தோடு மீண்டும் எழுத வேண்டும். எனவே அரைகுறைத் தயாரிப்போடு ‘ஒரு கை பார்ப்போம்’ என்று உட்காருவது செலவான துணிச்சல்.

நான்கு பகுதிகள், தலா 25 மதிப்பெண், மொத்தம் 100. தேற 50 வேண்டும். எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. பி1 எழுத்துத் தேர்வில் குறைந்தது 160 சொற்கள். அந்த 160 சொற்களில் ஒரே பெயரை நான்கு முறை திரும்பச் சொல்லாமல், இரண்டு இடத்தில் லெ அல்லது லுயி, இரண்டு இடத்தில் கி அல்லது கெ, ஓர் இடத்தில் டோன் வந்தால் வாசிப்பவருக்கு நீங்கள் எந்த நிலை என்பது தெரிந்துவிடும். பி1 வாய்த்தேர்வின் இரண்டாம் பகுதியான உரையாடலுக்குத் தயாரிப்பு நேரம் கிடையாது. மூன்றாம் பகுதிக்கு மட்டும் 10 நிமிடம் தருவார்கள். இந்த வழிகாட்டியின் 3ஆம் தலைப்பில் சொன்ன கேள்வி பதில் பயிற்சி அந்த இரண்டாம் பகுதியில்தான் கைகொடுக்கும்.

கடைசியாகக் காகிதம். பதிவின்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். தலைப்பெழுத்தை வைத்துக்கொண்டு வாழும் நமக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் எப்போதும் தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருந்தால் படிவத்திலும் விரியட்டும். ஆதாரில் உள்ள தலைப்பெழுத்தைப் பார்த்து எழுதாதீர்கள். பிறந்த ஊரும் அப்படியே. முன்பு ஏதாவது டெல்ஃப் நிலை எழுதியிருந்தால் அந்தப் பழைய தேர்வர் எண்ணைக் கொடுங்கள். புதிதாக ஒன்று வாங்க வேண்டாம். முடிவு வந்ததும் முதலில் தேர்ச்சிச் சான்று கொடுப்பார்கள். டிப்ளமா கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் தேர்வுத் தேதியைத் தேர்ந்தெடுங்கள்.